பத்துப் பேர்ச்சில் இரண்டு மகள்மாருக்கு வீடு: மட்டக்களப்பில் கட்டப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியில் வீட்டுப் பிளான் கீறும் வேலையில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசியில் ஒரே விஷயத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்: "கையில் இருப்பது இவ்வளவுதான். இப்போது குடியிருக்கவும் வேண்டும், நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டும். எப்படிக் கட்டலாம்?"

எங்கள் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மூத்தவளுக்குக் கல்யாணம் பேசினால் வளவின் ஒரு பக்கத்தில் வீடு எழும்பும். அடுத்தவளுக்கு அடுத்த பக்கம். மருமகன் வந்து குடியேறுவார். தாயும் தகப்பனும் கடைசியில் வளவின் பின்புறத்தில் ஒரு சின்ன வீட்டுக்குப் போவார்கள். கிணறு ஒன்று, முற்றம் ஒன்று. ஏறாவூரிலிருந்து கல்முனை தாண்டியும் வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள எழுவான்கரை முழுக்க, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் இதுதான் நடப்பு. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறது. அரை ஏக்கர் வளவுதான் பத்துப் பேர்ச்சாக, அதாவது 2,700 சதுர அடி அளவாகச் சுருங்கிவிட்டது. அதனால் முன்பு வளவு தானாகவே பார்த்துக்கொண்ட வேலையை இன்று பிளானும், காணிப் பத்திரமான உறுதியும் பார்க்க வேண்டியிருக்கிறது. அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே அதை யோசித்தவர்கள் பிறகு பட்ட கஷ்டம் குறைவு என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால்தான் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களிடம் 10 பேர்ச் இருக்கிறது. இரண்டு மகள்மாருக்கும் ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதலாமா?

முடியாது. இதைச் சொல்லும்போது பல பேருடைய முகம் வாடிப்போகும், ஆனால் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதி நடைமுறையில் உள்ள இடங்களில் குடியிருப்புக் காணியின் ஒரு துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும். அது ஏறக்குறைய 6 பேர்ச். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று மேல் என்பதால் 6 பேர்ச் என்பது 1,630 சதுர அடிக்குக் கிட்ட வரும். ஐந்து பேர்ச் துண்டு அதற்குள் அடங்காது.

"அப்படியென்றால் 12 பேர்ச் போதுமே" என்பார்கள். இரண்டு துண்டும் வீதியைப் பார்த்து இருந்தால் போதும். பெரும்பாலான காணிகள் முகப்பு ஒடுங்கி, உள்ளே நீண்டு கிடப்பவை. பின் துண்டுக்குப் போக வழி விட வேண்டும். 40 அடி முகப்பும் 95 அடி நீளமும் உள்ள காணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 14 பேர்ச். முன்னால் 6, பின்னால் 6, பக்கத்தால் 10 அடி ஒழுங்கை. அந்த ஒழுங்கை மட்டும் 2 பேர்ச்சை எடுத்துவிடும். ஆகவே இரண்டு பெண்பிள்ளைகளை மனதில் வைத்துக் காணி தேடுகிறவர்கள், காசு கொஞ்சம் கூடிப்போனாலும் 14 பேர்ச் கிடைக்குமா என்று பாருங்கள். அல்லது அகன்ற முகப்புள்ள 12 பேர்ச். 10 வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள்தான் அதிகம்.

அனுமதி பெறாத பிரிவிடல் பிளானை வைத்தும் உறுதி எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்கும். பிரச்சினை பத்து வருடம் கழித்து, மகள் கட்டட அனுமதிக்கு உள்ளூராட்சிச் சபைக்குப் போகும் நாளில்தான் வெளியே வரும். அன்றைக்கு நீங்கள் இருப்பீர்களோ தெரியாது.

சரி, பிரிக்க முடியாது. கீழ் வீடு மூத்தவளுக்கு, மேல் மாடி இளையவளுக்கு என்று எழுதலாமா?

இதுதான் இன்று எழுவான்கரையில் மிகவும் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். பதிலைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் நாட்டுச் சட்டப்படி நிலத்தின் மேல் கட்டியது நிலத்தோடு சேரும். நிலம் யாருடையதோ கட்டடமும் அவருடையது. அதனால் வெறுமனே "மேல் மாடி" என்று ஒரு உறுதியை எழுதி வைத்தால் அது நிற்காது. மாடியைத் தனி உரித்தாக்க ஒரு வழி உண்டு. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டத்தின்படி கட்டடத்தைக் கூட்டாதனமாகப் பதிய வேண்டும். அதற்கு நில அளவை செய்யும் சேவையர் தனிப் பிளான் கீற வேண்டும், கட்டடம் அனுமதியோடு கட்டியதாக இருக்க வேண்டும், படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, வழி எல்லாம் பொதுவானவை என்று காட்ட வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு. ஆனால் செய்து முடித்தால் இரண்டு மகள்மாருக்கும் இரண்டு உறுதி. இளையவள் தன் பங்கை வங்கியில் ஈடு வைத்துக் கடனும் எடுக்கலாம்.

இரண்டாவது வழி, முழு ஆதனத்தையும் பிரிக்கப்படாத அரை அரைப் பங்காக இருவருக்கும் நன்கொடை உறுதி எழுதி, தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை) வைத்துக்கொள்வது. இதுதான் அதிகம் நடக்கிறது, செலவும் குறைவு. பங்குதாரர் இருவரும் சுமுகமாக இருக்கும் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. மனம் முறிந்தால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம். பிரிக்க முடியாத அளவு சின்னக் காணி என்றால் விற்றுப் பங்கிடச் சொல்லித் தீர்ப்பு வரவும் இடமுண்டு. பிரிக்கப்படாத பங்கின் மேல் கடன் கொடுக்க வங்கிகளும் தயங்கும்.

ஒன்றும் எழுதாமல் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுவதுதான் மிகவும் ஆபத்தானது. 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் இங்கே பொருந்தாது. மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான்: எழுதாமல் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குப் பாதி, மீதி ஆண் பெண் என்ற பேதம் இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய மார்க்கச் சட்டப்படி பங்கு. எந்தச் சட்டத்திலும் "இந்த வீடு என் மகளுக்குச் சீதனமாகச் சொன்னது" என்ற பேச்சுக்கு இடமில்லை. தகப்பன் சொன்ன சொல்லை நம்பிப் பதினைந்து வருடம் அந்த வீட்டில் இருந்து, இரண்டு அறையும் கூட்டிக் கட்டிய ஒரு பெண், தகப்பன் போன பிறகு அண்ணன்மாரின் கையெழுத்துக்காக அலைந்ததை நான் பார்த்தேன். அவள் கட்டிய அறைகளுக்குப் பிளான் கீறியதே நான்தான். அன்றைக்கே "உறுதி யார் பெயரில்?" என்று கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனம் உறுத்துகிறது. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்காமல் அளவு நாடாவையே எடுப்பதில்லை.

அனுமதிப்பத்திரக் காணி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் குடியேற்றத்துக்குக் கொடுத்த காணி அது. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ பிரிக்கவோ முடியாது. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியது கைமாற்றம் ஆகாது. உங்கள் குடும்பத்துக் காணியே அப்படிப்பட்டது என்றால், உங்களுக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் உடனே பாருங்கள். முன்பு பெயர் பதியாவிட்டால் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பேதத்தை எடுத்துவிட்டது. என்றாலும் பெயரைப் பதிந்து வைப்பதுதான் நிம்மதி.

டவுனுக்குள் விலை கட்டுப்படியாகவில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமோ திராய்மடுப் பக்கமோ போகலாமா?

போகலாம், பல குடும்பங்கள் போய் நன்றாகவும் இருக்கின்றன. ஊர் அந்தப் பக்கங்களுக்குத்தான் வளர்கிறது. கல்லடியில் பழைய மெனிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் திறந்தார்கள். 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் மண்முனைத் துறையில் 'பாதை' என்ற மிதவைப் படகுக்குக் காத்துநின்று வாவியைக் கடந்தார்கள். இப்போது அங்கேயிருந்து காலையில் வேலைக்கு டவுனுக்கு வந்து போகிறார்கள். மாவட்டச் செயலகமும் புளியந்தீவின் கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்குப் போய்விட்டது.

ஆனால் காணி விலையை மட்டும் பார்க்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர் தினமும் வெளியே போய் வருகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, மோட்டார்சைக்கிள் இல்லாத ஒரு பெண் இரவு டியூட்டி முடிந்து எப்படி வருவாள், இதையெல்லாம் கணக்கில் சேருங்கள். பெட்ரோல் செலவைப் பத்து வருடத்துக்குக் கூட்டினால் மலிவுக் காணி சில வேளை மலிவாகவே இருக்காது.

இன்னொன்று, காணியை மாரியில் போய்ப் பாருங்கள். எங்களுக்கு மழை நொவெம்பரிலிருந்து ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். ஓகஸ்ட் மாதம் பார்த்தால் எல்லா வளவும் மேட்டு நிலம் மாதிரித்தான் தெரியும். வயலை நிரப்பிய காணியா என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வயல் நிலத்தில் கட்ட 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். கடற்கரைப் பக்கம் என்றால் கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணும் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

வீட்டை நிலத்திலிருந்து எவ்வளவு உயர்த்த வேண்டும்?

2011 ஜனவரியில் வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்று அந்த ஒழுங்கையில் கேளுங்கள். பழைய மதிலில் அடையாளம்கூட இருக்கலாம். அதற்கு மேல் ஓர் அடியாவது இருக்கும்படி வீட்டு மட்டத்தை வையுங்கள்.

வளவு முழுவதையும் கிறவல் மண் போட்டு உயர்த்துவதை நான் விரும்புவதில்லை. செலவு ஒரு பக்கம். உங்கள் வளவில் நின்ற தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகும் என்பது மறுபக்கம். அவர்கள் அடுத்த வருடம் தங்கள் வளவை உயர்த்துவார்கள். கடைசியில் ஒழுங்கையில் ஏழைப்பட்ட ஒரு குடும்பம் மட்டும் குழிக்குள் இருக்கும். இதை நான் ஒரே ஒழுங்கையில், ஆறு வருடத்துக்குள், வீடு வீடாக நடக்கப் பார்த்தேன். அத்திவாரத்தை உயர்த்துங்கள், முற்றத்தை மணலாகவே விடுங்கள். எங்கள் மணல் தண்ணீரைக் குடிக்கும்.

காசு பாதிக்குத்தான் இருக்கிறது. எதைக் கட்டுவது, எதைப் பிறகு பார்ப்பது?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். சீமெந்து மூட்டை 2021 ஆரம்பத்தில் ஆயிரம் ரூபா அளவில் நின்றது. 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தொட்டது. அந்தச் சமயம் பெரிய வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டு நின்றுபோன குடும்பங்கள் இன்னும் தகரக் கொட்டிலில் இருக்கின்றன. 1,400 சதுர அடியில் கூரை இல்லாத சுவர் யாருக்கும் உதவாது. 500 சதுர அடியில் கதவு பூட்டிய வீட்டில் இன்றிரவே நித்திரை கொள்ளலாம்.

ஆகவே முதல் கட்டம் சின்னதாக, ஆனால் முழுதாக இருக்க வேண்டும்: ஓர் அறை, ஒரு மண்டபம், குசினி, மலசலகூடம், முன்னால் விறாந்தை. இதில் சிக்கனம் பிடிக்கக்கூடாத இடங்கள் அத்திவாரம், தூண், கூரையைச் சுவரோடு பிணைக்கும் பீம், மலக்குழி ஆகிய நான்கும்தான். பிறகு மாற்ற முடியாதவை அவை. மாபிள், சீலிங், பூச்சு, மதில், முன்கேற் எல்லாம் எப்போதும் செய்யலாம். ஆனால் எங்கள் ஆட்கள் கேற்றைத்தான் முதலில் போடுவார்கள்! அந்தக் காசுக்கு இன்னோர் அறையின் சுவர் எழும்பியிருக்கும்.

10 பேர்ச்சில் வழக்கமாக நான் கீறும் முறையைச் சொல்கிறேன். காணி 34 அடிக்கு 80 அடி என்று வைத்துக்கொள்வோம். காணியின் 65 வீதத்துக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது, பின்னால் ஏழரை அடி விட வேண்டும், எல்லையோடு நிற்கும் சுவரில் யன்னல் வைக்கக்கூடாது. வீட்டை இரண்டு பாதியாக நினைப்பேன். பின்பாதிக்கு ஓட்டுக் கூரை, அது எப்போதும் ஒரு மாடிதான். முன்பாதிக்கு மட்டும் இரண்டு மாடியைத் தாங்கும் அத்திவாரமும் தூணும். இப்படிப் பாதிக்கு மட்டும் செய்தால் கம்பிச் செலவு கைக்குள் நிற்கும். படிக்கட்டுக்கு வீட்டுக்கு வெளியே, பக்க ஒழுங்கையை ஒட்டி, நாலடி அகலத்தில் இடம் விட்டுவைப்பேன். இன்று அந்த இடத்தில் வாழை நிற்கட்டும். நாளைக்கு மேல் வீட்டுக்காரி தன் அக்காவின் மண்டபத்துக்குள்ளால் போகாமல் தன் வீட்டுக்கு ஏறலாம். படிக்கட்டு மண்டபத்துக்குள் இருக்கிற வீட்டை இரண்டு குடும்பமாகப் பிரிக்கவே முடியாது. ஒரு கல் கூடச் செலவில்லாத முடிவு இது, பிளான் கீறும் அன்றைக்கு எடுத்தால்.

அதேபோல் மின்சாரத்துக்கு இரண்டாவது மீற்றர் வைக்கச் சுவரில் இடம், மேலே போகத் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பாதை, கீழேயுள்ள மலசலகூடத்துக்கு நேர் மேலே மேல் மலசலகூடம். அறைகளுக்கு இடையில் பிறகு வாசல் வைக்கக்கூடிய இடங்களில் இப்போதே வாசலுக்கு மேல் வரும் லின்டல் பீம் போட்டுவிட்டுக் கீழே கல்லால் அடைத்து விடுங்கள். தேவைப்படும் நாளில் மேசன் ஒரு மத்தியானத்தில் கல்லை எடுத்துவிட்டுக் கதவு வைத்துவிடுவார்.

தூண், அத்திவாரக் கணக்கை மட்டும் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். வாவிக்கரைப் பக்கம் மணலுக்குக் கீழே சேறு வரும் இடங்கள் உண்டு.

மேல் மாடிக்கென்று கம்பியை நீட்டி விடலாம்தானே?

நீட்டி விடலாம், திறந்தபடி விடக்கூடாது. உப்புக் காற்றில் அது நாலைந்து வருடத்திலேயே செதில் செதிலாகக் கொட்டும். கம்பிக்குச் சீமெந்துப் பால் அடித்து, மேலே பலவீனமான கொங்கிறீற்றால் மூடிவிடுங்கள். பிறகு உடைத்து எடுக்கலாம். கடற்கரை மணலைக் கொங்கிறீற்றுக்கு எடுக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பியையும் உப்பு தின்றுவிடும்.

கூரைக்கு ஓடா, அஸ்பெஸ்டஸ் சீற்றா, தகரமா, கொங்கிறீற் பிளாற்றா?

1978 நொவெம்பர் 23ஆம் திகதிப் புயலைக் கண்ட யாரையும் கேட்டுப் பாருங்கள், கூரையைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். எதைப் போட்டாலும் அது சுவரோடு கட்டுண்டிருக்க வேண்டும். சுவர் உச்சியில் சுற்றிவரப் பீம், அதில் புதைத்த கம்பியால் மரச்சட்டத்தைப் பிணைத்தல். இந்தச் செலவு மொத்த வீட்டுச் செலவில் கண்ணுக்கே தெரியாது.

என் விருப்பம் ஓடு. வெக்கை குறைவு, உடைந்ததை மட்டும் மாற்றலாம், பிறகு மாடி எழுப்பினால் கழற்றிப் பின்வீட்டுக்குப் பாவிக்கலாம். கச்சான் காற்று வீசும் காலத்தில் மேற்குப் பக்கத்தால் வரும் அனல்தான் எங்கள் வீடுகளின் பெரிய எதிரி. மேற்கில் பெரிய யன்னல் வேண்டாம். குசினி, மலசலகூடம், சாமான் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளி, ஒரு வேம்பும் வையுங்கள். கிழக்கில் கடற்காற்று வரும் பக்கம் நித்திரை அறை.

கிணறும் மலக்குழியும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

50 அடி என்பதுதான் எல்லோரும் சொல்லும் அளவு. 34 அடி அகலக் காணியில் உங்கள் குழியிலிருந்து உங்கள் கிணறு 50 அடி இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்காது. எங்கள் மணலில் தண்ணீர் மேலேயே நிற்கிறது, மாரியில் கையால் அள்ளலாம். குழியின் ஊறல் நேரே கிணற்றுக்குப் போகும். காத்தான்குடி, கல்முனை போல நெருக்கமான ஊர்களில் இதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணீர் வந்த இடங்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள். கிணறு குளிக்க, மரத்துக்கு ஊற்ற.

மலக்குழியை அடியும் சுவரும் பூசிய, ஒழுகாத தொட்டியாகக் கட்டுங்கள். இரண்டு குடும்பத்துக்குப் போதுமான அளவில் இப்போதே கட்டுங்கள். முன்பக்கத்தில், உறிஞ்சும் பவுசர் லொறியின் குழாய் எட்டும் இடத்தில் வையுங்கள். ஒரு வீட்டில் தொட்டியின் மேல் பிறகு குசினியைக் கூட்டிக் கட்டிவிட்டார்கள். நிரம்பிய நாளில் குசினி நிலத்தை உடைத்தார்கள்.

எவ்வளவு கடன் எடுக்கலாம்?

15 இலட்சம் ரூபாவை 12 வீத வட்டிக்குப் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 21,500 ரூபா அளவில் வரும். முடியும்போது கட்டியது ஏறக்குறைய 25 இலட்சத்து 80 ஆயிரம். இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். வருமானம் நின்றுபோகும் மாதங்களும் உண்டு, கடல் கொந்தளிக்கும் மாரியில் மீன்பிடிக் குடும்பத்துக்கு என்ன வரும்? தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் கடனை முதலில் விசாரியுங்கள். தனியார் துறையில் பத்து வருடம் வேலை செய்தவர்கள் ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதம் வரை வீட்டுக்காக முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. நுண்கடனில் மட்டும் வீடு கட்ட வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனுக்கும் வருடக் கணக்கில் எழும்பும் வீட்டுக்கும் பொருந்தாது.

ஒரு பகுதியை வாடகைக்கு விடலாமா?

விடலாம், அதற்குத்தான் வெளிப் படிக்கட்டு. போதனா வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்கள், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று எப்போதும் ஆள் தேடிக்கொண்டுதான் இருக்கும். மேல் வீட்டைக் கட்டி, மகள் வளரும் வரை வாடகையால் கடனைக் கட்டிய குடும்பங்கள் உண்டு. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்யுங்கள்.

அம்மாவுக்கு நடக்க முடியாது. வீட்டை உயர்த்தினால் எப்படி ஏறுவது?

நல்ல கேள்வி, மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி. சக்கர நாற்காலிச் சரிவுக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டடி உயர்த்திய வீட்டுக்கு 24 அடி. சின்ன வளவில் அதை வீட்டின் பக்கச்சுவரோடு ஒட்டிக் கொண்டுபோய் விறாந்தையில் சேர்க்கலாம். கீழ் மாடியில் ஓர் அறையும் மலசலகூடமும் அடுத்தடுத்து இருக்கட்டும். கதவு மூன்றடி. மலசலகூடம் ஐந்தடிக்கு ஏழடி. வாசற்படிக் கட்டை வேண்டாம். யுத்தத்தில் கால் இழந்தவர்களும், சீனி வருத்தத்தில் கால் எடுத்தவர்களும் இல்லாத ஒழுங்கை எங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? இன்றைக்கு உங்கள் வீட்டில் தேவையில்லாவிட்டாலும் அகலத்தை விட்டு வையுங்கள்.

அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ தந்த வீட்டைப் பெருப்பிக்கலாமா?

பெருப்பிக்கலாம். ஆனால் முதலில் உறுதியைப் பாருங்கள். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் திரும்பக் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அந்த எல்லையைத் தளர்த்தினார்கள். அதற்குள் நாவலடி மக்களில் பலர் திராய்மடுவில் குடியேறியிருந்தார்கள். கடலோடு வாழ்ந்தவர்களுக்குக் கடல் தூரமாகிப்போனது. அதைவிட ஆழமாகப் பாதித்த ஒன்று உண்டு. வீடு பெண்ணுக்குரியது என்ற வழக்கமுள்ள ஊர்களில், பல வீடுகள் "குடும்பத் தலைவர்" என்று ஆணின் பெயருக்குப் போயின. அலையில் போனது அவளுடைய சீதன வீடு, திரும்பி வந்தது அவருடைய பெயரில். இன்னும் அப்படி இருந்தால் சமாதானமான காலத்திலேயே மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

யுத்தத்துக்குப் பின் வந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைப் பகுதி பகுதியாகக் கொடுத்து, குடும்பங்களையே கட்ட வைத்தார்கள். தாங்களே நின்று கட்டியதால் எங்கே தூண், எங்கே குழாய் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். பெருப்பிக்க அது பெரிய உதவி.

தொடர்மாடி கட்டினால் ஊரின் பிரச்சினை தீருமா?

கொஞ்சப் பேருக்குத் தீரும். உயர்ந்த மாடிக்கு லிப்ற், பராமரிப்புக் கட்டணம் என்று மாதச் செலவு வரும், நாட்கூலிக்காரருக்கு அது ஆகாது. எனக்குப் பிடித்தது இரண்டு மாடி இரட்டை வீடுகள். சுவரைப் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் மண்ணில் ஒரு முற்றம் இருக்கும்படி. சகோதரிகள் பக்கத்தில் பக்கத்தில் வாழும் வழக்கமுள்ள ஊருக்கு இது அந்நியமாகவும் தெரியாது.

சபை ஒரு விஷயம் செய்யலாம் என்றால் என்ன செய்யச் சொல்வீர்கள்?

கட்டம் கட்டமாக எழும்பும் வீட்டுக்கு ஒரே தடவையில் அனுமதி. இப்போது அனுமதி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு நீடிக்க வேண்டும். எங்கள் வீடுகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் எழும்புபவை. முதலில் கீழ் வீடு, பிறகு மாடி, பிறகு கூட்டாதனப் பதிவு என்று முழுப் பிளானையும் ஆரம்பத்திலேயே பார்த்து அனுமதித்தால், சனங்கள் அனுமதியில்லாமல் கட்டும் தேவையே பாதி குறையும். அப்புறம், புதுக் குடியிருப்பு வரும் பக்கங்களில் வீடு வருமுன் வடிகான் வர வேண்டும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டி விட்டாலும் தண்ணீர் வாவிக்குப் போய்ச் சேர வழி வேண்டுமே.

பிளான் கீற வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உறுதியின் பிரதி, சேவையர் பிளான், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவுப் பிரதி. மாரியில் வளவில் தண்ணீர் நின்ற படம் ஒன்று போனில் இருந்தால் அதுவும். வீட்டில் இப்போது யார் யார், பத்து வருடத்தில் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

மகளையும் கூட்டி வாருங்கள். வழக்கமாகத் தகப்பனும் மாமாவும்தான் வருவார்கள். போன மாதம் ஒருவர் தன் மகளோடு வந்தார், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளை. நான் கீறிய தாளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், குசினி யன்னலைப் படிக்கட்டுப் பக்கம் வையுங்கோ, மேலே போற தங்கச்சியோட கதைக்கலாம்" என்றாள். மாற்றிக் கீறினேன்.